இருட்டில் ருசி பார்க்கும் மீன்

மழை முடிந்து ஆறு செம்மண் நிறத்தில் ஓடும் நாளில் கரையில் நின்றவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். தண்ணீரில் கையை விட்டால், மணிக்கட்டு நனைவதற்குள் விரல் மறைந்துபோகிறது. அந்தக் கலங்கல் நீரில், அதுவும் இரவு நேரத்தில், கட்டைவிரல் அளவுள்ள இரையைக் கோத்து ஒருவர் தூண்டில் எறிகிறார். கொஞ்ச நேரத்தில் கோல் வளைகிறது. மேலே வருவது மீசை வைத்த கெளுத்தி. அத்தனை பெரிய ஆற்றில், அத்தனை இருட்டில், அந்தச் சின்னத் துண்டை அது எப்படிக் கண்டுபிடித்தது?

இதோடு சேர்ந்த இன்னொரு புதிரும் உண்டு. அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஆற்றுக் கெளுத்தி பிடிப்பவர்கள் ஒரு குறிப்பிட்ட பருவத்துக்காகக் காத்திருப்பார்கள். கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும் வாரங்கள் அவை. ஆகஸ்ட் பின்பாதியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை. மீன் வருடம் முழுக்க ஆற்றில்தானே இருக்கிறது? அந்தச் சில வாரங்களுக்கு மட்டும் என்ன சிறப்பு?

இரண்டு கேள்விகளுக்கும் அதிர்ஷ்டத்தைக் காரணமாகச் சொல்வது வழக்கம். உண்மையில் இரண்டுக்கும் தெளிவான விடை இருக்கிறது. அது அந்த மீனின் தோலிலும், அது நீந்தும் நீரின் வெப்பத்திலும் இருக்கிறது.

ஒரு மீன், ஓர் ஆறு

வட அமெரிக்கத் தூண்டில்காரர்கள் தேடிப் போகும் ஆற்றுக் கெளுத்திகள் முக்கியமாக மூன்று: புளூ கேட்ஃபிஷ், பிளாட்ஹெட், சானல் கேட்ஃபிஷ். முதல் இரண்டும் மிகப் பெரியவை. 2011-இல் வர்ஜீனியா மாநிலத்தின் கெர் ஏரியில் தூண்டிலில் சிக்கிய ஒரு புளூ கேட்ஃபிஷ் 143 பவுண்டு, அதாவது சுமார் 65 கிலோ இருந்தது. சானல் கேட்ஃபிஷ் அவ்வளவு வளராது. அதன் உலகச் சாதனை 1964-இல் தென் கரோலினாவில் பிடிபட்ட 58 பவுண்டு மீன்; சுமார் 26 கிலோ. வழக்கமாகக் கைக்கு வருபவை ஒன்றிரண்டு கிலோ எடைதான்.

இளம் வயதில் விலாவில் கரும்புள்ளிகள் இருப்பதால் சானல் கேட்ஃபிஷை இந்த அத்தியாயத்தில் புள்ளிக் கெளுத்தி என்று அழைப்போம். நம் ஊர்க் கெளுத்தியைக் கையால் தொட்டவர்களுக்கு இதுவும் அந்நியமாகத் தெரியாது. செதில் இல்லாத வழுவழுத்த தோல், வாயைச் சுற்றி மீசைகள், முதுகிலும் மார்புத் துடுப்புகளிலும் விறைத்து நிற்கும் முள் என்று எல்லாம் அப்படியே இருக்கும்.

ஆறு எது என்று கேட்டால், விஸ்கான்சின் ஆற்றின் கடைசிப் பகுதியை எடுத்துக்கொள்வோம். பிரேரி டு சாக் என்ற ஊரில் இருப்பதுதான் இந்த ஆற்றின் கடைசி அணை. அதைத் தாண்டிய பிறகு மிசிசிப்பியில் கலக்கும் வரை 92 மைல், சுமார் 148 கிலோமீட்டர், ஒரு தடுப்பும் இல்லாமல் ஆறு ஓடுகிறது. வடக்கிலுள்ள சதுப்பு நிலங்களிலிருந்து இலைச்சாறு ஊறி வருவதால் நீர் பழுப்பாக இருக்கும். அடியில் மணல். இடம் மாறிக்கொண்டே இருக்கும் மணல்திட்டுகளும், வளைவுகளில் ஆழமான மடுக்களும், மடுவுக்குள் சாய்ந்து கிடக்கும் மரங்களும் நிறைந்த ஆறு. கெளுத்திக்கு இதைவிட நல்ல வீடு அமையாது.

உடம்பெல்லாம் நாக்கு

கெளுத்திக்குக் கண் உண்டு. தெளிந்த நீரில் அதைப் பயன்படுத்தவும் செய்யும். ஆனால் அதன் வாழ்க்கை கண்ணை நம்பி அமைந்ததில்லை. நம் நாக்கில் சுவையை உணரும் நுண்ணிய உறுப்புகள் உள்ளன. அவற்றைச் சுவை மொட்டுகள் என்கிறோம். மனிதருக்கு அவை சில ஆயிரம் இருக்கும், அனேகமாக எல்லாமே வாய்க்குள் இருக்கும்.

கெளுத்திக்கு வாய்க்குள் மட்டுமல்ல, உதட்டில், மீசையில், விலாவில், துடுப்பில், வால் வரைக்கும் சுவை மொட்டுகள் உண்டு. மஞ்சள் புல்ஹெட் என்பது புள்ளிக் கெளுத்தியின் சிறிய உறவினம். அதை ஆராய்ந்த ஜெல் ஆட்டமா, ஒரு சாண் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட மீனின் உடலில் 1,75,000-க்கும் மேற்பட்ட சுவை மொட்டுகள் இருப்பதாக 1971-இல் எழுதினார். செதில் இல்லாத தோல்தான் இதற்கு இடம் தருகிறது.

மொட்டுகள் மிக நெருக்கமாக இருப்பது மீசையில். புள்ளிக் கெளுத்திக்கு எட்டு மீசைகள்: மூக்குத் துவாரத்தருகே இரண்டு, மேல்வாய் ஓரத்தில் நீளமாக இரண்டு, தாடையில் நான்கு. மீன் நகரும்போது இவை முன்னும் பக்கமும் அசைந்து அடிமணலைத் தடவிக்கொண்டே போகும். தொடுவதும் ருசிப்பதும் அங்கே ஒரே செயல். மீசையை வெறும் அலங்காரமாக நினைத்தவர்கள் இனி அதை எட்டு நாக்குகளாக எண்ணிக்கொள்ளலாம்.

எவ்வளவு கொஞ்சம் போதும்?

சுவை என்றால் எதன் சுவை? புரதத்தைக் கட்டும் செங்கற்களான அமினோ அமிலங்களின் சுவை. புழு, நண்டு, மீன் என்று எந்த உயிரின் சதையிலிருந்தும் அவை நீரில் கசிகின்றன. இறந்து வெட்டுப்பட்ட சதையிலிருந்து இன்னும் அதிகமாகக் கசியும்.

லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் கேப்ரியோ, புள்ளிக் கெளுத்தியின் மீசையிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் எழும் மின் துடிப்புகளை அளந்தார். அலனைன், ஆர்ஜினைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்கு மீசை மிகக் கூர்மையாக எதிர்வினை காட்டியது. 1975-இல் அவர் வெளியிட்ட முடிவு, அதுவரை அறிந்திருந்த மீன்களின் சுவைத் திறனையெல்லாம் தாண்டியது.

அந்த அளவைக் கணக்காகப் பார்ப்போம். ஒரு கிராம் அலனைனை நூறு கோடிப் பங்காகப் பிரியுங்கள். அதில் சுமார் 90 பங்கை ஒரு லிட்டர் நீரில் கரையுங்கள். இந்தக் கரைசல் படும்போதே மீசை நரம்பு துடிக்கிறது. ஒலிம்பிக் போட்டிக்கான நீச்சல் குளத்தில் சுமார் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் இருக்கும். அந்தக் குளம் முழுவதையும் இந்த அளவுக்குக் கொண்டுவர, கால் கிராமுக்கும் குறைவான அலனைன் போதும்.

ஓர் ஆகஸ்ட் இரவு

இப்போது ஒரே ஒரு தூண்டிலைப் பின்தொடர்வோம். ஆகஸ்ட் கடைசி வாரம். சூரியன் மறைந்துவிட்டது. ஆற்று வளைவில் மூன்று மீட்டர் ஆழமுள்ள ஒரு மடு. அதன் கீழ்க்கோடியில் மூழ்கிக் கிடக்கும் மரம். பகல் முழுக்க அந்த மரத்தடியில் ஒதுங்கியிருந்த புள்ளிக் கெளுத்தி, இருட்டியதும் வெளியே வந்திருக்கிறது. அனுபவமுள்ள தூண்டில்காரர் மடுவின் மேல்முனையில், மீனுக்கு 30 மீட்டர் மேலே, வெட்டிய சிறு மீன் துண்டைக் கோத்து ஈயக்குண்டோடு அடியில் இறக்குகிறார்.

நீர் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். துண்டிலிருந்து கசியும் சாறு மீனை எட்ட ஒரு நிமிடம் ஆகும். இந்தச் சாறு நேர்க்கோட்டில், ஒரே சீராக வருவதில்லை. காற்றுள்ள அறையில் ஊதுபத்திப் புகை எப்படி இழை இழையாகப் பிரிந்து, சுருண்டு, நடுவில் அறுந்து போகிறதோ, அப்படித்தான் ஆற்றில் இரையின் சாறும் போகிறது. ஒரு கணம் மீசையில் சுவை தட்டும். அடுத்த கணம் வெறும் தண்ணீர்.

மீன் இந்தக் குழப்பத்தில் வழி கண்டுபிடிப்பது இரண்டு உதவிகளால். முதலாவது, நீர் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை அதன் உடல் அறியும். சுவை தட்டியதும் நீரோட்டத்தை எதிர்த்துத் திரும்பினால் இரை இருக்கும் திசை கிடைத்துவிடும். இரண்டாவது, இடமும் வலமும் உள்ள மீசைகளை ஒப்பிடுவது. எந்தப் பக்கத்தில் சுவை தூக்கலாக இருக்கிறதோ அந்தப் பக்கம் மீன் சாய்கிறது.

இது வெறும் ஊகமில்லை. ஜான் பார்டாக்கும் அவருடைய மாணவர்களும் 1967-இல் இதைச் சோதித்தார்கள். முதலில் மீன்களின் மோப்ப உணர்வை அடைத்துவிட்டார்கள். அப்போதும் அவை தொலைவில் இருந்த உணவைத் தேடி அடைந்தன. சுவை மட்டுமே வழிகாட்டப் போதுமானதாக இருந்தது. பிறகு ஒரு பக்கத்துச் சுவையுணர்வை மட்டும் நீக்கிப் பார்த்தார்கள். மீன், உணர்வு மிஞ்சியிருந்த பக்கமாகவே திரும்பித் திரும்பி வட்டமிட்டது. ஒப்பிட மறுபக்கம் இல்லாததால் இரை எப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது என்று அதற்குத் தோன்றியது.

மூக்குக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. அதே குழுவின் இன்னொரு சோதனையில், மஞ்சள் புல்ஹெட்டுகள் ஒன்றையொன்று மோப்பத்தால் அடையாளம் காண்பது தெரிந்தது. சக மீன் யார் என்பதை மூக்கு சொல்கிறது. சோறு எங்கே என்பதைத் தோலும் மீசையும் சொல்கின்றன.

கடைசிச் சாண்

இரைக்கு அருகில் வந்ததும் வேறு உணர்வுகளும் சேர்ந்துகொள்கின்றன. மீனின் இரு விலாக்களிலும் தலையிலும் நீரின் அசைவை உணரும் நுண்குழிகள் வரிசையாக உள்ளன. இதைப் பக்கக்கோடு என்பார்கள். இரை உயிரோடு நீந்தினால் அது நீரில் ஒரு தடம் விட்டுப் போகிறது. 2001-இல் வெளியான ஓர் ஆய்வில், ஐரோப்பிய வெல்ஸ் கெளுத்திகள் முழு இருட்டில் சிறு மீன்களின் தடத்தைப் பின்தொடர்ந்து பிடித்தன. மீன் கடந்துபோய்ப் பத்து நொடி வரை ஆன தடம்கூட அவற்றுக்குப் போதுமானதாக இருந்தது.

இன்னும் நெருங்கினால் மின்சாரம். ஒவ்வோர் உயிரின் உடலைச் சுற்றியும் நீரில் மெல்லிய மின்புலம் இருக்கும். கெளுத்தியின் தோலில் அதை உணரும் மின்னுணர் குழிகள் உள்ளன. 1917-இலேயே பார்க்கர், வான் ஹியூசன் என்ற இருவர் இதன் முதல் தடயத்தைக் கண்டார்கள். கண்ணாடிக் கோலை அருகே கொண்டுபோனால், அது தொடும்வரை கெளுத்தி அசையவில்லை. உலோகக் கோலைக் கொண்டுபோனால், சில சென்டிமீட்டர் தொலைவிலேயே எதிர்வினை காட்டியது. நீரில் உலோகம் உண்டாக்கும் மெல்லிய மின்னோட்டத்தை அது உணர்ந்திருந்தது. மணலுக்குள் ஒளிந்திருக்கும் உயிருள்ள இரையைக் கண்டுபிடிக்க இந்த உணர்வு உதவுகிறது.

கடைசி முடிவு வாய்க்குள் எடுக்கப்படுகிறது. வெளித்தோலில் உள்ள மொட்டுகளும் வாய்க்குள் உள்ளவையும் மூளையின் வெவ்வேறு பகுதிகளுக்குச் செய்தி அனுப்புகின்றன. ஆட்டமா ஒன்றைச் செயலிழக்கச் செய்தபோது மீன் உணவைக் கவ்வவே இல்லை. மற்றொன்றைச் செயலிழக்கச் செய்தபோது கவ்வியது, ஆனால் விழுங்க முடியவில்லை. தேடுவதற்கு ஒரு நாக்கு, விழுங்கலாமா என்று தீர்ப்புச் சொல்ல இன்னொரு நாக்கு. கோல் நுனி இரண்டு தட்டு தட்டிவிட்டு அசையாமல் நின்றுபோகும் அனுபவம் தூண்டில்காரர் எல்லோருக்கும் உண்டு. உள்நாக்கு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்.

நாற்றமடிக்கும் இரை எதற்கு?

அமெரிக்கக் கடைகளில் கெளுத்திக்கென்றே அழுகிய பாலாடைக்கட்டியும் இரத்தமும் கலந்த இரைப்பசை டப்பாக்களில் விற்கிறார்கள். கோழி ஈரலும் வெட்டிய மீனும் பழைய நம்பிக்கைக்குரியவை. நாற்றம் கூடக்கூட மீன் வரும் என்பது பலருடைய எண்ணம்.

இதில் பாதி சரி. அழுகும்போது பெரிய புரதங்கள் உடைந்து அமினோ அமிலங்கள் விடுபடுகின்றன. அவை நீரில் எளிதில் கரையும். ஆனால் நம் மூக்கை மூடவைப்பது காற்றில் கலக்கும் வேறு பொருள்கள். மீனை இழுப்பது நீரில் கரைபவை. அதனால்தான் அப்போதே வெட்டிய, சாறு ஒழுகும் மீன் துண்டும் நாறும் பசைக்குச் சமமாக வேலை செய்கிறது. இரையை அவ்வப்போது மாற்ற வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வதற்கும் இதுவே காரணம். அரை மணி நேரம் ஓடும் நீரில் கிடந்த துண்டு பார்க்க அப்படியே இருக்கும். அதன் சாறு வெளியேறிப் போயிருக்கும்.

ஏன் இந்தப் பருவம்?

மீனின் உடல் வெப்பம் நீரின் வெப்பம்தான். தோராயமான விதி ஒன்று உண்டு: நீரின் வெப்பம் பத்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் உடலின் இயக்க வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. 28 டிகிரியில் மீனுக்குத் தேவைப்படும் உணவில் பாதிதான் 18 டிகிரியில் தேவைப்படும். 8 டிகிரியில் கால்வாசி. புள்ளிக் கெளுத்தி மிக வேகமாக வளர்வது 28 முதல் 30 டிகிரி வரையிலான நீரில். அதாவது கோடையின் உச்சத்தில் பசி மிக அதிகம்.

அப்படியானால் ஜூலையே சிறந்த மாதமாக இருக்க வேண்டுமே? இரண்டு தடைகள் உள்ளன. ஒன்று, கோடையின் முதல் பாதி இனப்பெருக்கக் காலம். ஆண் மீன் பொந்திலோ மரவேரடியிலோ இடப்பட்ட முட்டைகளைக் காவல் காக்கிறது. துடுப்பை விசிறி அவற்றுக்குப் புதுநீர் தருகிறது. காவல் முடியும்வரை இரை தேடி அலைவதில்லை. ஆகஸ்டில் அந்த வேலை முடிந்து, மெலிந்த உடம்போடு அது பசித்துத் திரிகிறது.

இரண்டாவது தடை மூச்சு. சூடான நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். 28 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் அதிகபட்சம் சுமார் 7.8 மில்லிகிராம், 18 டிகிரியில் சுமார் 9.5 மில்லிகிராம். தேவை கூடும் நேரத்தில் இருப்பு குறைகிறது. இரவில் பாசிகளும் ஆக்சிஜனை இழுத்துக்கொள்வதால் விடியலுக்கு முன் அது இன்னும் குறைந்துவிடும். ஆகஸ்ட் இறுதியில் இரவுகள் குளிரத் தொடங்கும்போது இந்த நெருக்கடி தளர்கிறது. பசி இன்னும் குறையவில்லை, மூச்சுக்கு வழி பிறந்துவிட்டது.

இவற்றோடு ஆற்றின் நிலையும் சேர்கிறது. கோடை முடிவில் பொதுவாக நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். மணல்திட்டுகள் வெளியே தெரியும். வெள்ளத்தில் ஆறு முழுக்கச் சிதறியிருந்த மீன்கள் ஆழமான மடுக்களில் கூடுகின்றன. ஓட்டமும் சீராக இருப்பதால் இரையின் சாறு அதிகம் அறுந்து சிதறாமல் நீண்ட தூரம் போகிறது. கரையோரப் புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் நீரில் விழும் காலமும் இதுவே. பசியும் மூச்சும் நீரும் உணவும் ஒரே நேரத்தில் சாதகமாக அமையும் வாரங்கள் இவை.

ஆறு குளிரும்போது

செப்டம்பரில் நீர் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும். பனிக்காலத்தில் ஏறக்குறைய உண்ணாமல் இருக்கப்போகும் மீன், அதற்கு முன் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீர் பத்து டிகிரியை நெருங்கும்போது உணவில் நாட்டம் பெருமளவு குறைந்துவிடும்.

விஸ்கான்சின் ஆற்றின் மீன்கள் அப்போது ஒரு நீண்ட பயணம் தொடங்குகின்றன. அடையாளமிட்ட மீன்களைப் பின்தொடர்ந்த ஆய்வாளர்கள் 1998-இல் இதை விவரித்தார்கள். இலையுதிர் காலத்தில் கெளுத்திகள் ஆற்றோடு கீழே இறங்கி மிசிசிப்பிக்குப் போய்ப் பனிக்காலத்தைக் கழிக்கின்றன. வசந்தத்தில் திரும்பி மேலேறி வந்து முட்டையிடுகின்றன. கோடையில், முந்தைய ஆண்டு வாழ்ந்த அதே சிறு பகுதிக்கே பல மீன்கள் வந்து சேர்கின்றன.

148 கிலோமீட்டருக்கு அணை இல்லாத ஆறு என்பதால்தான் இந்தப் போக்குவரத்து நடக்கிறது. ஒரு தடுப்புச்சுவர் நடுவில் எழுந்தால் முட்டையிடும் இடமும் பனிக்கால வீடும் தனித்தனியாகிவிடும். புள்ளிக் கெளுத்தி இருபது ஆண்டுகளுக்கும் மேல் வாழக்கூடியது. பெரிய மீன் ஒவ்வொன்றும் இந்தப் பாதையைப் பலமுறை கடந்த மீன், பல தலைமுறைகளுக்குத் தாய் அல்லது தந்தை. அதனால்தான் இன்று பல தூண்டில்காரர்கள் பெரியவற்றை ஆற்றிலேயே விட்டுவிட்டு, சாப்பாட்டுக்குச் சிறியவற்றை மட்டும் எடுத்துச் செல்கிறார்கள்.

நாக்கைச் சுடும் நுரை

உடம்பெல்லாம் நாக்காக வாழும் மீனுக்கு ஒரு பெரிய ஆபத்து உண்டு. நீரில் எது கலந்தாலும் அது முதலில் படுவது அந்த நாக்கில்தான். 1965-இல் பார்டாக் குழு மஞ்சள் புல்ஹெட்டுகளைச் சலவைத்தூள் கலந்த நீரில் வைத்துப் பார்த்தது. லிட்டருக்கு அரை மில்லிகிராம் என்ற அளவிலேயே சுவை மொட்டுகள் சிதைந்தன. மீன்களை நல்ல நீருக்கு மாற்றி ஆறு வாரம் கழிந்த பின்னும் உணர்வு திரும்பவில்லை. அந்த நீரில் மீன் செத்து மிதக்காது. வெளியிலிருந்து பார்த்தால் ஆறு நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் கெளுத்திக்கு உணவு எங்கே என்று தெரியாது.

இது விஸ்கான்சினுக்கு மட்டும் உரிய பாடமல்ல. நம் கெளுத்தியும் வாளையும் அதே பெரும் குடும்பத்தின் கிளைகள்; அவையும் மீசையை நம்பித்தான் இரை தேடுகின்றன. கழிவுநீர் கலந்த தென்பெண்ணையில், ஒசூருக்கு அருகிலுள்ள கெலவரப்பள்ளி அணையில் நுரை மலைபோல் பொங்கிய படங்களை நாம் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறோம். அந்த நுரைக்குக் கீழே வாழும் மீனின் தோலுக்கு என்ன நேரும் என்பதை அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சோதனை சொல்லிவிட்டது.

எனவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் துணி துவைத்த தண்ணீர் எந்தச் சாக்கடையில் இறங்கி, எந்த வாய்க்காலில் சேர்ந்து, எந்த ஆற்றுக்குப் போகிறது என்று விசாரியுங்கள். வழியில் எங்கும் அது சுத்திகரிக்கப்படவில்லை என்றால், அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையிலோ உங்கள் நகர்மன்ற உறுப்பினரிடமோ அந்தக் கேள்வியை எழுப்புங்கள்.